கரி என்னும் சொல்: இஞ்ஞாசியாரும் அருளானந்தரும்



தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில் வைகையை ஒட்டி அமைந்த சிற்றூர் புலிமான்கோம்பை. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். தமிழகத்தில் இதுவரை கிடைத்த எழுத்துடை நடுகற்களுள் இவை மிகப் பழையவை என்பது அறிஞர் கருத்து. கிறித்து பிறப்பதற்கு முன்னைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த அக்கற்களுள் ஒன்று, கூடல் ஊரில் நிகழ்ந்த ஆகோளையும் தீயன் அந்தவன் என்பான் பெயரையும் கூறி, அது அவனுக்குரிய கல் என்று அறிவித்து நின்றுவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரை நினைவூட்டுகிற ஊர்ப்பெயர் அது. அந்தவனை வீரன் என்றோ, ஒப்பாரும் மிக்காரும் இலன் என்றோ அக்கல் கூறவில்லை. பெயர், ஊர், செயல் என்னும் மூன்றோடு அமைகிறது.

மாண்டவரைச் சொல்லால் நிறுத்தும் தொழில் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று என்பதைக் காட்டவே இக்கல் ஈண்டு முதலில் நினைக்கப்படுகிறது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை வாழ்த்துவது வரை நடுகல் வழிபாட்டின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. அவற்றுள் இறுதியாகிய வாழ்த்து, புலவர்க்குரிய பங்கு. அப்பங்கினை எவ்வாறு ஆற்றுவது என்னும் வினா, கொன்று மாண்டவரைப் பாடும்போது எழுவதைக் காட்டிலும், கொல்லாது மாண்டவரைப் பாடும்போது கூர்மையாக எழுகிறது. கொள்கைக்காக உயிர் துறந்த இருவர், உரோமைப் பேரரசில் இறந்த அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியாரும், மறவர் சீமையில் இறந்த அருளானந்தரும், அவ்வினாவுக்கு விடை காண உதவுவர்.

சொல்லின் வரலாறு

சமயத்தின் பொருட்டு உயிர் துறந்தவரைத் தமிழ்க் கிறித்தவர் வேதசாட்சி என்றும், இரத்தசாட்சி என்றும், அண்மைக்காலத்தில் மறைசாட்சி என்றும் வழங்குவர். மூன்றிலும் மாறாது நிற்பது சாட்சி என்னும் சொல். கிரேக்க மொழியில் மார்த்துஸ் என்னும் சொல்லுக்கு முதற்பொருள் சாட்சி என்பதே. வழக்குமன்றத்தில் நின்று தான் கண்டதைக் கூறுபவன் மார்த்துஸ். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில்தான் அச்சொல் கிறித்தவரிடையே உயிர் துறந்தவர் என்னும் பொருளுக்குரிய கலைச்சொல்லாக நிலைத்தது. பிற மொழிகள் பல அக்கிரேக்கச் சொல்லை அப்படியே கடன் வாங்கியதால், அதன் முதற்பொருள் அம்மொழியினர் செவிக்கு எட்டாது போயிற்று. தமிழோ சொல்லைக் கடன் வாங்காமல் பொருளைப் பெயர்த்துக்கொண்டது. ஆதலின் தமிழில் அச்சொல்லைக் கேட்பவருக்கு முதலில் தோன்றுவது மரணமன்று, ஓர் உண்மையைச் சொல்லும் கடமையே.

பழந்தமிழில் சாட்சிக்குக் கரி என்பது பெயர். திருக்குறளில் அச்சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் அதன் எதிர்ச்சொல்லும் உண்டு; அது பொய்க்கரி. புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் பொய்க்கரி கூறுவோரைப் பிடித்து உண்ணும் என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். பத்தினி ஒருத்தியைப் பற்றி அவள் கணவனிடம் பொய்க்கரி கூறிய ஒருவனைப் பூதம் பற்றியதையும், அவனுக்கு மாற்றாகத் தன்னுயிரைத் தரக் கோவலன் முன்வந்ததையும் அடைக்கலக் காதை கூறுகிறது. தன்னைப் பற்றியன்றிப் பிறரைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கும் ஒருவன் தன் உயிரைப் பொறுப்பாக்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. சாட்சி சொல்பவன் பாதி உண்மையோடு நிற்கலாகாது. தனக்கு ஆகாத பகுதியையும் அவன் சொல்லியாக வேண்டும். மறைசாட்சியைப் பாடுகிற கவிஞனும் ஒரு சாட்சியே. ஆகவே அவ்விதி அவனையும் கட்டும். இவ்வுரை நிறுவ முற்படுவது இவ்வொன்றே.

அந்தியோக்கியாவின் ஆயர்

அந்தியோக்கியா, சிரியா மாநிலத்தின் தலைநகர். உரோமைப் பேரரசின் பெருநகரங்களுள் ஒன்று. இன்று துருக்கி நாட்டில் அந்தாக்கியா என வழங்குகிறது. கி.பி. 98 முதல் 117 வரை ஆண்ட திராயான் பேரரசன் காலத்தில் அந்நகர்த் திருச்சபையின் ஆயராக விளங்கியவர் இஞ்ஞாசியார். அவர் சிறைப்பட்டு, பத்துப் படைவீரர் காவலில், விலங்குகளுக்கு இரையாக்கப்படுவதற்கென உரோமாபுரிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

அக்காலத்து உரோமைச் சட்டம் கிறித்தவரை எவ்வாறு நோக்கியது என்பதற்குச் சிறந்த சான்று, பித்தினியா மாநில ஆளுநர் பிளினி 112ஆம் ஆண்டளவில் திராயானுக்கு எழுதிய கடிதமும், அதற்கு மன்னன் விடுத்த மறுமொழியும். குற்றம் சாட்டப்பட்டவரைப் பிளினி மும்முறை வினவுவார். கிறித்தவரல்லர் என்று மறுத்து, தெய்வங்களுக்கும் மன்னன் படிமத்துக்கும் நறும்புகையும் மதுவும் படைத்தவரை விட்டுவிடுவார். மறுக்காதவரைத் தண்டிப்பார். கிறித்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டா என்றும், பெயரிடாத முறையீடுகளை ஏற்க வேண்டா என்றும் மன்னன் எழுதினான். இருவரும் குருதி வெறி கொண்டவரல்லர். அரசின் ஒழுங்கைக் காப்பதாகக் கருதிய கல்வியாளர். கொடுமை எப்போதும் கொடியவர் முகத்தோடு வருவதில்லை என்பதற்கு அக்கடிதங்கள் கரி.

தரைவழியாக ஆசியா மாநிலத்தைக் கடந்து செல்கையில் இஞ்ஞாசியார் ஏழு கடிதங்கள் எழுதினார். சிமிர்னா நகரில் தங்கியபோது எபேசு, மக்னேசியா, திரால்லெஸ், உரோமை ஆகிய நகரத்துச் சபைகளுக்கு நான்கு. துரோவா துறைமுகத்திலிருந்து பிலதெல்பியா, சிமிர்னா சபைகளுக்கும், சிமிர்னாவின் இளம் ஆயர் பொலிக்கார்ப்புக்கும் மூன்று. சாவை நோக்கிச் செல்லும் ஒருவருடைய கடிதங்களில் பெரும்பகுதி சாவைப் பற்றியதன்று. சபைகள் பிளவுபடலாகாது என்பதும், கைம்பெண்களைப் புறக்கணிக்கலாகாது என்பதும், தாம் விட்டுவந்த அந்தியோக்கியா மக்களுக்கு ஆறுதல் சொல்ல ஒரு தூதரை அனுப்ப வேண்டும் என்பதுமே அவர் கவலைகள். தம்மைப் பற்றி விரிவாகப் பேசுவது உரோமையர்க்கு எழுதிய மடல் ஒன்றில்தான். அதிலும் அவர் வேண்டுவது தம்மை விடுவிக்க முயல வேண்டா என்பது. விலங்குகளின் பல்லில் அரைபடப்போகும் கோதுமை மணியாகத் தம்மை அவர் அங்கே உருவகிக்கிறார். உழவும் திரிகையும் அறிந்த ஒருவர்க்கே தோன்றக்கூடிய உருவகம் அது.

இக்கடிதங்கள் பிழைத்தது, அவற்றை ஒருவர் தொகுத்ததால். பிலிப்பி நகரத்தார் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தம்மிடம் இருந்த இஞ்ஞாசியாரின் மடல்களைத் திரட்டி அனுப்பிவைத்தவர் பொலிக்கார்ப்பு. இஞ்ஞாசியாரின் முடிவு பற்றிய செய்தி ஏதும் கிடைத்தால் தமக்கு அறிவிக்குமாறு அவர் அம்மடலிலேயே கேட்கிறார். நண்பர் இறந்தாரா என்பதை உறுதியாக அறியும் முன்னரே அவர் சொற்களைக் காக்கத் தொடங்கிவிட்டார் எனலாம்.

இலக்கிய வட்டத்தினர் சிறப்பாக எண்ணத்தக்கது அதற்குப் பின் நிகழ்ந்தது. நான்காம் நூற்றாண்டளவில் எவரோ ஒருவர், ஆயரைப் போற்றுவதாக எண்ணி, அவ்வேழு கடிதங்களையும் தம் காலக் கருத்துகளைப் புகுத்தி விரித்தெழுதினார். இஞ்ஞாசியார் பெயரால் புதிய கடிதங்களும் புனையப்பட்டன. இடைக்காலம் முழுதும் ஐரோப்பா படித்தது பெரும்பாலும் இப்பெருக்கிய பாடத்தையே. ஆயரின் சொந்தக் குரல் அவரைப் போற்றியோர் குரலுக்குள் மூழ்கிவிட்டது. 1644இல் அயர்லாந்துப் பேராயர் அஷர் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பின் துணைகொண்டு இடைச்செருகலைப் பிரித்துக் காட்டினார். 1646இல் வோசியஸ் பிளாரன்சு நகர்ச் சுவடியிலிருந்து ஆறு கடிதங்களின் கிரேக்க மூலத்தை வெளியிட்டார். உரோமையர்க்கு எழுதிய மடலின் மூலம் 1689இல் பாரிசில் ரூய்னார் பதிப்பில் வெளிவந்தது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் உழைப்பை அறிந்தவர்க்கு இவ்வுழைப்பின் அருமை விளங்கும். பகைவர் இஞ்ஞாசியாரின் உடலை அழித்தனர். அவர் குரலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மறைத்தவர்கள் அன்பர்களே.

சிமிர்னாவின் நேர்மை

பொலிக்கார்ப்பும் முதுமையில் அதே முடிவை எய்தினார். 155ஆம் ஆண்டையொட்டிச் சிமிர்னா நகர அரங்கில் அவர் எரிக்கப்பட்டார். அதே நூற்றாண்டில் முசிறித் துறையிலிருந்து எர்மப்பொல்லோன் என்னும் கலம் உரோமையர்க்குரிய சரக்கேற்றிச் சென்றதை வியன்னாவிலுள்ள பப்பிரசு ஆவணம் அறிவிக்கிறது. சேர நாட்டு மிளகு விலைபோன அதே பேரரசின் சந்தை நகரங்களில்தான் இவர்கள் கூண்டேறினர்.

பொலிக்கார்ப்பின் இறப்பைச் சிமிர்னா சபை பிலொமேலியம் என்னும் ஊரின் சபைக்கு ஒரு கடிதமாக எழுதியது. மறைசாட்சிகளின் வரலாறுகளாகத் தனித்தெழுந்த நூல்களுள் மிகப் பழையது அது. மார்த்துஸ் என்னும் சொல் உயிர் துறந்தவர் என்னும் தெளிவான பொருளில் நிற்கும் முதல் இடங்களுள் ஒன்றும் அதுவே. தம்மைப் பிடிக்க வந்த காவலர்க்கு முதியவர் உணவு பரிமாறச் செய்து, வழிபடுவதற்கு ஒரு மணி நேரம் மட்டும் கேட்டார் என அம்மடல் உரைக்கிறது. விருந்தோம்பலை அறமாகக் கொண்ட தமிழ் நெஞ்சுக்கு, அரங்கில் நிகழ்ந்த அரும்பெரும் காட்சிகளைக் காட்டிலும் இது அணுக்கமானது. கிறித்துவை இகழ்ந்தால் விட்டுவிடுவதாக ஆளுநன் கூறியபோது, எண்பத்தாறு ஆண்டுகள் தமக்குத் தீங்கே செய்யாத ஒருவரை எங்ஙனம் இகழ்வது என்னும் கருத்துப்பட அவர் விடை கூறினார். அதில் அறைகூவலில்லை, செய்ந்நன்றி உண்டு.

அம்மடலின் தலையாய சிறப்பு வேறொன்று. குவிந்துஸ் என்னும் பிரிகியா நாட்டான் ஒருவன், தேடப்படாமலே தானாக முன்வந்து தன்னைக் கிறித்தவன் என அறிவித்தான். பிறரையும் அவ்வாறு செய்யத் தூண்டினான். விலங்குகளைக் கண்டதும் அஞ்சித் தெய்வங்களுக்குப் படைத்துவிட்டான். தம் ஆயரின் பெருமையைப் பாட வந்த மடலில் சபையார் இதனை மறைக்கவில்லை. தாமாகச் சென்று தலைகொடுப்போரைத் தாம் பாராட்டுவதில்லை என்றும் எழுதினர். தம் பக்கத்துத் தளர்ச்சியையும் பதிவு செய்த காரணத்தாலேயே, தம் பக்கத்து உறுதி பற்றி அவர்கள் கூறுவது நம்பத்தக்கதாகிறது. அம்மடலைப் படியெடுத்தவர்கள் காயுஸ், சோக்கிரத்தேசு, பியோனியுசு எனத் தம் பெயர்களையும் கடைசியில் எழுதிவைத்தனர். கரி கூறியவர்க்குக் கரியாக நிற்பது அச்சங்கிலி.

தமிழில் இறுதிச் சொற்கள்

சாவின் முன் நின்று எழுதும் மரபு தமிழுக்கும் புதிதன்று. சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற்கோட்டச் சிறையில் தண்ணீர் கேட்டுப் பெறாது, காலம் தாழ்ந்து வந்ததைப் பருகாது பாடிய பாட்டாகப் புறநானூற்றின் 74ஆம் பாடலை அதன் குறிப்புரை காட்டுகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாடியவையும் அத்தொகையில் உள்ளன. இரும்பொறையின் சொல் மானம் பற்றியது. அது தன்னை நோக்கித் திரும்பிய சொல். சோழனின் சொல்லோ நட்புப் பற்றியது. இதுவரை காணாத நண்பன் பிசிராந்தையார்க்கு அருகில் ஓர் இடம் ஒழித்து வைக்கச் சொல்லிய சொல் அது. இஞ்ஞாசியாரின் மடல்கள் இரும்பொறையைக் காட்டிலும் கோப்பெருஞ்சோழனுக்கே உறவு. சாவின் வாயிலில் நின்றும் பிறர்க்கு இடம் ஒதுக்குகிற சொற்கள் அவை.

ஓரியூர்

அவ்வுறவில் வைத்து எண்ணத்தக்க மற்றொருவர், தமிழ் மண்ணிலேயே இறந்த அருளானந்தர். போர்த்துக்கல் நாட்டு இலிசுபன் நகரில் 1647ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள், பிரித்தோ என்னும் உயர்குடியில் பிறந்தவர் சுவாம் தெ பிரித்தோ. தந்தையார் பிரேசிலில் ஆளுநராக இருந்து மறைந்தவர். இளமையில் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்த அவர், 1662இல் இயேசு சபையிற் சேர்ந்து, 1673இல் கோவாவுக்கு வந்தார். 1606இல் இராபர்ட் தெ நொபிலி வந்து உருவாக்கிய மதுரை மிஷனில் 1674இல் பணி ஏற்றார். காவியுடுத்து, புலால் துறந்து, பண்டாரசுவாமியாக வாழ்ந்து, தமிழில் அருளானந்தர் எனப் பெயர் பூண்டார்.

1686இல் மறவர் சீமையில் அவர் பிடிபட்டார். நீரில் அமிழ்த்தியும், வெயிலிற் சுடும் பாறையிற் கிடத்தியும் வதைத்தனர். முடிவில் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி அவரை விடுவித்து, தம் நாட்டில் சமயம் பரப்பலாகாது என எச்சரித்து அனுப்பினார். பின்னர் மிஷன் அலுவலாக அருளானந்தர் இலிசுபன் சென்றார். முன்னாள் தோழர் அப்போது இரண்டாம் பேதுரு என முடிசூடியிருந்தார். அவரை அங்கேயே இருத்திக்கொள்ள அரசர் விரும்பியும், அவர் திரும்பி வந்தார். 1692இல் மீண்டும் மறவர் சீமையில் இருந்தார்.

அச்சீமையின் தலைவர்களுள் ஒருவரும் ஆட்சிக்கு உரிமை உடையவராகக் கருதப்பட்டவருமான தடியத் தேவர் நோயுற்றிருந்தார். கிறித்தவ மன்றாட்டால் நோய் நீங்கியதென நம்பித் திருமுழுக்குக் கேட்டார். மனைவியர் பலரை உடையவர்க்குத் திருமுழுக்கு இல்லை என்றார் அருளானந்தர். ஒருவரை மட்டும் மனைவியாகக் கொண்டு, ஏனையோரை உடன்பிறந்தாராகப் பேணுவதாக வாக்களித்து, 1693ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அவர் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டோருள் இளையவரும் சேதுபதியின் நெருங்கிய உறவினருமான கடலாயி அரசரிடம் முறையிட்டார். இரண்டு நாள்களில், சனவரி 8ஆம் நாள், அருளானந்தர் சிறைப்பட்டார். இராமநாதபுரத்திலிருந்து பாம்பாற்றங்கரை ஓரியூருக்கு, சேதுபதியின் உடன்பிறந்தார் உடையத் தேவரிடம் அனுப்பப்பட்டு, பிப்ரவரி 4ஆம் நாள், சாம்பற் புதனன்று, தலை துணிக்கப்பட்டார். கடற்கரையை அடுத்த அவ்வூரின் செம்மணலை அடியார்கள் இன்றும் அவர் குருதியோடு சேர்த்தே நினைக்கின்றனர்.

இறப்பதற்கு முன்னாள், பிப்ரவரி 3ஆம் நாள், அவர் தம் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். எழுதுகோலும் மையும் கொடுக்கப்படவில்லை. மரச் சிராய் ஒன்றைக் கோலாகவும், கரித்தூளை நீரிற் கலந்து மையாகவும் கொண்டார். சிறையில் நடந்த விசாரணையையும், தம்மீது சாட்டப்பட்டது தம் போதனையன்றி வேறில்லை என்பதையும், தாம் அமைதியோடு காத்திருப்பதையும் அதில் தெரிவித்தார். அடுப்பங்கரியைக் கரி என்றும், சாட்சியைக் கரி என்றும் ஒரே சொல்லால் வழங்கிய மொழியின் மண்ணில், கரியால் எழுதப்பட்டது அக்கரி. பதினாறு நூற்றாண்டு இடைவெளியில் துரோவாத் துறையும் ஓரியூர்ச் சிறையும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. இருவரும் தம் சாவுக்கு விளக்கம் எழுதியதோடு, தாம் விட்டுச் செல்வோர்க்குச் செய்தியும் எழுதினர்.

அவர் முடிவை ஐரோப்பாவுக்கு உடனடியாக எழுதி அறிவித்தவர் பிரான்சிசு லாயினஸ் அடிகள். பின்னாளில் மயிலாப்பூர் ஆயரானவர். பொலிக்கார்ப்பு இஞ்ஞாசியார்க்குச் செய்ததை ஒருவாறு அவர் அருளானந்தர்க்குச் செய்தார். 1853இல் அருளாளர் பட்டமும், 1947ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் புனிதர் பட்டமும் அருளானந்தர்க்கு வழங்கப்பெற்றன.

கடலாயியின் முறையீடு

ஓரியூரைப் பாடும் கவிஞன் தன் நேர்மையைச் சோதித்துக்கொள்ளும் இடம் இதுவே. வழக்கமாகப் பாடல்களும் நாடகங்களும் இவ்வரலாற்றை எளிதாக்கிவிடுகின்றன. அருளானந்தர் ஒளி, சேதுபதி இருள், கடலாயி சூழ்ச்சிக்காரி என்று மூன்று வண்ணத்தில் தீட்டி முடிக்கின்றன. சான்றுகளோ அவ்வளவு எளிதாக இல்லை.

கிழவன் சேதுபதி, 1686இல் அதே மனிதரை உயிரோடு விடுவித்தவர். எச்சரித்து அனுப்பியவரே மீண்டும் தம் நாட்டில் பணிபுரியக் கண்டார். ஆட்சிக்குப் போட்டியாளராகக்கூடிய ஒருவர், வேற்றுநாட்டுத் துறவியின் சமயத்தில் சேர்ந்து, அரச குடும்பத்துப் பெண்ணை விலக்கியதையும் கண்டார். பிளினியைப் போலவே அவருக்கும் அரசின் அச்சம் இருந்தது. அவ்வச்சம் அவர் தீர்ப்பை நீதியாக்காது. ஆயினும் அதனைச் சொல்லாதவன் சாட்சியாகான்.

கடலாயியின் நிலை இன்னும் ஆழமாக எண்ணத்தக்கது. அக்கால முறைப்படி மணந்து வந்தவர் அவர். தாம் கேட்காத ஒரு சமய மாற்றத்தால் ஒரு நாளில் மனைவியென்னும் நிலையை இழந்தார். உடன்பிறந்தாளாகப் பேணப்படுவாய் என்பது எவ்வளவு அன்போடு சொல்லப்பட்டிருப்பினும், அது அவரைக் கேட்டுச் செய்த ஏற்பாடன்று. தம்மவரிடம் சென்று தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். அதுவும் ஒரு கரியே. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் அறத்தை உயர்ந்ததென ஏற்பவர்கூட, அவ்வறத்தின் விலையை முதலிற் கொடுத்தவர் ஒரு பெண் என்பதை மறுக்க இயலாது. அருளானந்தர் தம் கொள்கைக்குத் தம் தலையையே விலையாகக் கொடுத்தார். அது அவர் தேர்ந்தது. கடலாயி கொடுத்தது அவர் தேர்ந்ததன்று.

இவ்வாறு கூறுவது அருளானந்தரின் பெருமையைக் குறைக்குமோ என்று ஐயுறலாம். குறைக்காது. குவிந்துஸின் தளர்ச்சியைச் சொன்னதால் பொலிக்கார்ப்பு சிறுமையுறவில்லை. இஞ்ஞாசியாரைப் பெருக்கி எழுதியவர்களே அவரைச் சிறுமைப்படுத்தினர். பத்தினி மீது பொய்க்கரி கூறியவனைப் பற்றிய பூதத்தின் கதையை அறிந்த தமிழ்க் கவிஞன், புனிதர் ஒருவரை உயர்த்தும் பொருட்டு ஒரு பெண்ணைத் தாழ்த்துவானாயின், அவன் நிற்கும் இடம் அச்சதுக்கமே.

புகழ்வோர் கடன்

தமிழில் அடியார் வரலாறு எழுதும் மரபு நீண்டது. அண்டிரிக் அடிகளார் கத்தோலிக்கப் புனிதர்களின் வரலாறுகளைத் தமிழில் தொகுத்து 1586இல் அச்சேற்றினார். தமிழ் அச்சின் முதற்காலத்து நூல்களுள் ஒன்று அது. அதனால் முதல் நூற்றாண்டுகளின் கிறித்தவ அடியார் கதைகள் நானூறு ஆண்டுகளாகத் தமிழ்ச் செவிக்குப் பழகியவை. உத்தமபாளையத்தை அடுத்த இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கர் பெருகி வாழும் கம்பம் பள்ளத்தாக்கில், பேதுருவை இராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் சொல்வது வீட்டு வழக்கு. அவ்விருவரும் உரோமையில் உயிர் துறந்தோராகப் போற்றப்படுவர். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்த நட்டாலத்துத் தேவசகாயம் 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்டபின், இவ்வகைப் பாடல்களும் நாடகங்களும் மேலும் பெருகுதல் இயல்பு. எனவே இக்கடன் பழைய கடனாக மட்டும் இல்லை.

அடைமொழிகளை அடுக்குவது எளிது. செந்நீர், வெண்தாமரை, வீரவாகை என்று சொற்கள் தாமே வந்து வரிசையில் நிற்கும். அவ்வடுக்கில் முதலில் மறைவது இறந்தவரின் முகம். அடுத்து மறைவது அவரைக் கொன்றவரின் காரணம். மூன்றாவதாக மறைவது இருவருக்கும் இடையே அகப்பட்டவரின் துயர். இஞ்ஞாசியார் எழுதியது கைம்பெண்களைப் பற்றியும் தூதரைப் பற்றியும். அருளானந்தர் எழுதியது விசாரணையைப் பற்றி. சாவை நேரே கண்டவர்கள் அதனை அலங்கரிக்கவில்லை. அதனைக் காணாதவர்களே அலங்கரிக்கின்றனர்.

இதனால் மறைசாட்சியரைப் பாடவேண்டா என்பது கருத்தன்று. வாழ்த்து நடுகல்லின் கடைசிப் படி என்பது மெய்யே. ஆயினும் அதற்கு முன்னைய படிகளைத் தாண்டி எவரும் அங்கே செல்ல முடியாது. முதற்படி கல்லைக் காண்பது. அந்தவன் என்று பெயரும், கூடல் ஊர் என்று இடமும், ஆகோள் என்று நிகழ்வும் எழுதிய புலிமான்கோம்பைச் சிற்பி, காணவேண்டியதைக் கண்டு, கண்டதை மட்டும் எழுதினான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அவன் கூறியதை எவரும் ஐயுறவில்லை.

பத்தாண்டுகளாக ஒன்றுகூடிப் பாடியும் எழுதியும் வரும் ஓர் இலக்கிய வட்டம், ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் பேருதவி தொகுப்பதே. பொலிக்கார்ப்பு தொகுத்ததால் இஞ்ஞாசியார் இருக்கிறார். காயுஸ் படியெடுத்ததால் பொலிக்கார்ப்பு இருக்கிறார். உ.வே.சா. ஏடு தேடியதால் இரும்பொறையும் கோப்பெருஞ்சோழனும் இருக்கின்றனர். தொகுப்பவர் கூட்டாமலும் குறைக்காமலும் தொகுத்தால்தான் அச்சங்கிலி அறாது நீளும். ஓரியூர் வரலாற்றை இனிப் பாடப்போகும் தேனிக் கவிஞர் எவரேனும், அருளானந்தரின் கரித்துகள் மடலுக்கு ஓர் அடி எழுதும்போது, கடலாயியின் முறையீட்டுக்கும் ஓர் அடி ஒழித்து வைப்பாராக. பிசிராந்தையார்க்கு இடம் ஒழித்த மரபு அது.